மாப்பிள்ளையின் ஒற்றை அழைப்பு

என் அண்ணி ஆஸ்பத்திரித் துணிகளை ஏற்றிப் போகும் வேனை ஓட்டுகிறார். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறவள். வேன் நின்றால்தான் எனக்கு வேலை. பின்கதவைத் திறந்து, துவைத்துக் கட்டிய மூட்டைகளை இறக்கி, அழுக்கு மூட்டைகளை ஏற்றவேண்டும். வேன் ஓடும்போது எனக்கிருந்த ஒரே வேலை பயப்படுவது. அதை நான் ஒரு நாளும் தவறாமல் செய்துவந்தேன்.

சலவைக்கூடத்தில் எனக்கு மியூட்டு என்று பெயர். அண்ணி வைத்ததுதான். முதன்முதலாகப் பெரிய ஃபோன் வாங்கி, சத்தத்தை அணைக்கிற பட்டனைக் கண்டுபிடித்த அன்று, "அட, இது நம்ம நாத்தனாரு!" என்று கத்தினார். இஸ்திரி அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், சத்தமில்லாமல்.

அந்த வேனை முதலில் ஓட்டியது என் அண்ணன். முதுகுத்தண்டில் ஜவ்வு விலகி அவர் படுத்தபோது, அண்ணி இஸ்திரி அறையில் சூடான ரோலருக்குள் படுக்கை விரிப்புகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். "அந்த வேன நான் ஓட்டுறேன்" என்று சூப்பர்வைசரிடம் போய் நின்றார். கல்யாணமாகி வந்தபோது அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. சூப்பர்வைசர் சிரித்துவிட்டு, "லைசென்ஸ் எடுத்துட்டு வா, பாக்கலாம்" என்றார். எப்படியும் வரமாட்டார் என்ற தைரியத்தில் சொன்னது. அண்ணன் கட்டிலில் படுத்துக்கொண்டே தட்டு, கரண்டி, டம்ளர் எல்லாவற்றையும் வைத்து கிளட்ச், பிரேக், கியர் என்று சொல்லிக்கொடுத்தார். அண்ணி லைசென்ஸோடு வந்து நின்றபோது சூப்பர்வைசருக்குப் பேச்சு வரவில்லை. அந்த ஒரு நாள் அவரும் மியூட்டுதான்.

ஓட்டுவதில் அண்ணிக்கு ஒரு குறையும் இல்லை. மதியத் தூக்கம் மட்டும்தான். இரண்டாவது நடை சாப்பாட்டுக்குப் பிறகு. பைபாஸ் ரோடு நேராக, வளைவே இல்லாமல் போகும். கண்ணாடிக்கு வெளியே எல்லாம் ஒரே வெள்ளையாகக் காயும். ஒரு நாள் அவர் தாடை மெல்ல நெஞ்சில் இறங்குவதைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் முன்பலகையை ஓங்கி அடித்தேன். அண்ணி விழித்து ஸ்டியரிங்கை ஒடித்தார். பக்கத்தில் வந்த கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரனிலேயே எங்களைத் திட்டிக்கொண்டு போனான்.

"வாய் எதுக்குடி வெச்சிருக்கே?" என்றார் அண்ணி, மூச்சு வாங்கிக்கொண்டே.

பாட்டு போட்டுப் பார்த்தார். இன்னும் நன்றாகத் தூக்கம் வந்தது. வெளியூரில் இருக்கும் அவர் மகள், நாங்கள் பாப்பா என்று கூப்பிடுகிறவள், ஃபோனில் சொன்னாள்: "உனக்குப் பாட்டு சரிப்பட்டு வராதும்மா. கதை போடு. யார் கொன்னான்னு தெரியாம உனக்குத் தூக்கம் வராது."

அவள் சொன்னது சரிதான். அண்ணிக்குக் கதை என்றால் பைத்தியம். ஆனால் ஓட்டுகிறவர் எங்கே படிக்க? ஒலிப்புத்தகம் என்று ஒன்று இருப்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. யாரோ ஒருவர் நிதானமான குரலில் முழு நாவலையும் படிக்கிறார். முதல் வாரமே ஒரு பங்களா, ஒரு பிணம், காணாமல் போன ஒரு சாவி. அண்ணியின் கண் டார்ச் லைட் மாதிரி விழித்துக்கொண்டது. சாயந்திரம் இஸ்திரி அறையில் ரோலர் ஓடிக்கொண்டிருக்க, அன்றைய கதையைக் குரல் மாற்றி மாற்றிச் சொல்வார். விரிப்பு மடிக்கிறவர்கள் மடிப்பை விட்டுவிட்டுக் கேட்பார்கள்.

நான் மட்டும் நிம்மதியாக இல்லை. தூக்கம் போன இடத்தில் ஃபோன் வந்து உட்கார்ந்துகொண்டது. யாராவது ஹாரன் அடித்து ஒரு வரி காதில் விழாமல் போனால், கை தானாக ஃபோனுக்குப் போகும். ஒரு விரலால் தள்ளுவார், அது அதிகமாகப் பின்னால் போய்விடும், மறுபடி முன்னால் தள்ளுவார். அவ்வளவு நேரமும் ரோட்டை நான்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், ஏதோ நான் பார்த்தால் வண்டி நேராகப் போய்விடும் என்பது போல.

ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் திரும்பும்போது அப்படித்தான் விரல் போயிற்று. வேன் கேட் தூணில் உரசி நின்றது. பக்கக் கண்ணாடி நொறுங்கியது. தூணை ஒட்டி, ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். அவருக்கும் வேனுக்கும் நடுவே ஒரு தலையணை நுழையும் அளவு இடம்தான் இருந்தது. அவர் திட்டவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதுதான் தாங்க முடியவில்லை. அண்ணி இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சூப்பர்வைசர் அதிகம் பேசவில்லை. "ஓடும்போது ஃபோன் இனிமே உன் கையில இருந்துச்சுன்னா, நீ மறுபடியும் ரோலருக்குத்தான்" என்றார்.

அந்த வாரம் பாப்பாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். பாப்பாவுக்குப் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது; பிரசவம் அவர்கள் ஊர் ஆஸ்பத்திரியில். அதற்கு மேல் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அந்த ஒரு முறை வந்து போனார்கள். மாப்பிள்ளை மென்மையான ஆள். கல்யாணமாகி இத்தனை நாளில் அண்ணியிடம் ஃபோனில் அவராகப் பேசியதே இல்லை. எதுவானாலும் பாப்பாவைப் பேசச் சொல்வார், பின்னால் அவர் குரல் முணுமுணுப்பாகக் கேட்கும். கேட் தூண் கதையைக் கேட்டதும், "ஃபோனக் கொஞ்சம் குடுங்க அத்தை" என்று வாங்கிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தார். நான் பின்கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணா ஃபோன் தானா ஸ்பீக்கரோட சேர்ந்துக்கும் அத்தை. விட்ட இடத்துலேருந்து கதை தானா ஓடும். நீங்க தொடவே வேணாம்."

"ஒரு வரி போயிடுச்சுன்னா?"

"போகட்டும். வேணும்னா ஓரமா நிறுத்திட்டு மறுபடி கேளுங்க."

"காதுல மாட்டிக்கறேனே? நல்லா கேக்கும்."

"வேணாம் அத்தை. பின்னால ஆம்புலன்ஸ் வந்தா கேக்கணும். ஸ்பீக்கர்லயே, சத்தம் கம்மியா."

பிறகு ஓட்டும்போது வரும் அழைப்புகள், செய்திகள் எல்லாவற்றையும் ஊமையாக்கினார். யார் கூப்பிட்டாலும் 'வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், நிறுத்தியதும் அழைக்கிறேன்' என்று ஒரு செய்தி தானாகப் போகும். நாம் அனுமதித்த நம்பர் மட்டும் மணி அடிக்கும். அப்போது கதை நின்றுகொள்ளும், கொஞ்சம் அடித்ததும் தானாகவே எடுத்துப் பேசவிடும். மற்றவர்கள் உடனே இரண்டாவது தடவை கூப்பிட்டால் அவசரம் என்று புரிந்துகொண்டு மணி அடிக்குமாம்.

"பாப்பா நம்பர் போட்டாச்சு. மாமா நம்பர் போட்டாச்சு. சூப்பர்வைசர்?"

"அந்த ஆளு ஊமையாவே இருக்கட்டும்" என்றார் அண்ணி. "உங்க நம்பரையும் போடுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளையின் காது சிவந்தது. "எனக்கு என்ன அத்தை அவசரம். அவதானே உங்களைக் கூப்பிடுவா."

அண்ணியும் வற்புறுத்தவில்லை. மாப்பிள்ளையை வற்புறுத்தினால் நன்றாக இருக்காது என்று நினைத்திருப்பார். கடைசியில் ஃபோனை அண்ணிக்குக் கை எட்டாமல், என் முழங்காலுக்கு முன்னாலிருந்த தட்டில் வைத்தார்கள்.

அன்றிலிருந்து அண்ணியின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டது. வரி தவறினால், "போச்சு, தூணு ஞாபகம் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். எனக்குப் பயம் குறைந்திருக்கவேண்டும். ஆனால் பாப்பாவின் நாள் நெருங்க நெருங்க அண்ணி கதையையும் கேட்டார், அதன் நடுவே வரப்போகும் மணிக்காகவும் காது கொடுத்தார். கதை தடங்கலில்லாமல் ஓடினால், "சத்தமில்ல. அப்போ அங்க எல்லாம் நல்லா இருக்கு" என்பார். நான் தலையாட்டுவேன். அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு லீவு. போய் மகள் பக்கத்தில் இருக்கப்போகிறார்.

அன்றும் சாப்பாட்டுக்குப் பிறகான நடை. காலையில் பாப்பா பேசியிருந்தாள். கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றாள். வேனில் ஆபரேஷன் அறைக்கான பச்சைத் துணி மூட்டைகள். கதையில் இன்ஸ்பெக்டர் சமையல்காரரை விசாரித்துக்கொண்டிருந்தார். பைபாஸில் இரண்டு பக்கமும் லாரிகள். ஆற்றுப் பாலம் ஏறும்போது, என் முழங்காலுக்கு முன்னால் தட்டில் வெளிச்சம் வந்து போயிற்று. குனிந்து பார்த்தேன்.

'மாப்பிள்ளை. தவறிய அழைப்பு.' அதன் கீழே, அண்ணி வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதாகச் செய்தி போய்விட்டதென்று ஒரு சின்ன வரி.

ஒரு நாளும் கூப்பிடாத மனிதர். பாப்பாவைப் பேசச் சொல்லாமல் அவராகக் கூப்பிட்டிருக்கிறார் என்றால், பாப்பாவால் பேச முடியவில்லை. மறுபடி வெளிச்சம் வருமா என்று கண் கொட்டாமல் பார்த்தேன். இன்னொரு தடவை கூப்பிட்டால் மணி அடிக்கும், அண்ணிக்குத் தெரிந்துவிடும். வரவில்லை. அவர் இரண்டாவது தடவை கூப்பிடுகிற ஆள் இல்லை. ஓட்டுகிறார்கள், தொந்தரவு செய்யக்கூடாது என்று அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டே நின்றிருப்பார்.

"சமையல்காரன் இல்லடி. பாரேன், அந்தத் தம்பிக்காரன்தான்" என்றார் அண்ணி சந்தோஷமாக. "சத்தமே இல்ல பாத்தியா இன்னிக்கும்? நல்லாருக்கா எம்பொண்ணு."

சொல்லவேண்டும். ஆனால் பாலத்தின் மேலே, இரண்டு லாரிக்கு நடுவே, இந்தக் கைகளிடம் எப்படிச் சொல்வது? மாப்பிள்ளை என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்தால் அவர் கண் ரோட்டில் நிற்காது. கை இந்தத் தட்டுக்கு வரும். அந்த ஊன்றுகோல் பெரியவர் எங்களைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. சொல்லாமல் இருந்தாலோ, நாங்கள் துணி இறக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை பாப்பா அங்கே என்ன நிலைமையில் கிடப்பாள்? ஃபோனை நானே எடுக்கலாம் என்றால் அது அண்ணியின் விரலுக்குத்தான் திறக்கும்.

பாலம் இறங்கினால் பெட்ரோல் பங்க் ஒன்று உண்டு. அதைப் பார்த்ததும் எனக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. என் குரல்தான், எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அண்ணி, பங்க்ல நிறுத்துங்க. வயித்த வலிக்குது."

அண்ணி திடுக்கிட்டார். "என்னது! நீயா வாயத் தொறந்து சொல்றே? உயிர் போற வலியா இருக்கணுமே!" என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. வேன் பாய்ந்தது. முன்னால் போன லாரியின் பின்கதவு பெரிதாகிக்கொண்டே வந்தது.

"மெதுவா போங்க அண்ணி. அவ்வளவு இல்ல. கொஞ்சம்தான்."

"கொஞ்சத்துக்கெல்லாம் நீ சொல்வியா? நான் உன்னைப் பாத்ததே இல்ல பாரு!"

"வலி கொறஞ்சுடுச்சு அண்ணி. மெதுவா போனா இன்னும் கொறையும்."

எப்படியோ பங்க்குக்குள் திரும்பி, காற்றடிக்கும் இடத்தின் ஓரமாக வேன் நின்றது. "பாத்ரூம் அதோ, ஓடு" என்றார். நான் இறங்கவில்லை.

"ஹேண்ட்பிரேக்கப் போடுங்க."

"ஏண்டி?"

"போடுங்க அண்ணி. சாவிய எங்கிட்ட குடுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிரேக்கை இழுத்தார். சாவியைத் தந்தார். கதை பாதி வாக்கியத்தில் நின்றது. அப்புறம்தான் ஃபோனை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"மாப்பிள்ளை கூப்பிட்டிருக்காரு. பாலத்து மேல வரும்போது."

அண்ணி விரலை மாற்றி மாற்றி வைத்தார். மூன்றாவது முறைதான் ஃபோன் திறந்தது.

"அத்தை..." மாப்பிள்ளை அடிக்குரலில் பேசினார். வலி திடீரென்று வந்ததாம். அவசரத்தில் பாப்பாவின் ஃபோன் வீட்டுக் கட்டிலிலேயே கிடக்கிறதாம். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது, உடனே ஆபரேஷன் செய்யவேண்டும் என்கிறார்களாம். "உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுத்தான் உள்ள போவேன்னு அழறா. கூப்பிட்டேன். ஓட்டிட்டு இருக்கீங்கன்னு மெசேஜ் வந்துச்சு. தொந்தரவு பண்ண வேணாம்னு..."

"தொந்தரவா! நல்ல மாப்பிள்ளை நீங்க! குடுங்க அவகிட்ட."

சக்கரம் உருளும் சத்தம், யாரோ அதட்டும் சத்தம், பிறகு பாப்பாவின் மூச்சு.

"அம்மா. பயமா இருக்கும்மா."

"எனக்கும்தாண்டி. வா, ரெண்டு பேரும் சேர்ந்தே பயப்படலாம்."

பாப்பா சிரிக்கப் பார்த்தாள். "ஓட்டிக்கிட்டேவாம்மா பேசறே?"

"இல்லம்மா. நிறுத்திட்டேன். சாவி உங்க அத்தை கையில இருக்கு. நீ போயிட்டு வா. நான் இங்கயேதான் இருக்கேன்."

ஒரு கதவு மூடியது. அதற்குமேல் மாப்பிள்ளையின் மூச்சு மட்டும் கேட்டது. "தகவல் தெரிஞ்சதும் சொல்றேன் அத்தை" என்றார்.

அண்ணி ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். எனக்கு அவர் முதுகைத் தடவவேண்டும் போலிருந்தது. தடவினேன். கொஞ்ச நேரம் கழித்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, வேறு டிரைவரை அனுப்ப முடியுமா என்று கேட்டார். மற்ற வண்டி ஊரின் மறுபக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது, திரும்பிவர நேரமாகும் என்றார் அவர். "முடியலன்னா அப்படியே இரும்மா. நான் பேசிக்கறேன்" என்றும் சொன்னார். அந்த மனிதரிடமிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியாது.

அண்ணி திரும்பிப் பின்பக்கம் பார்த்தார். பச்சை மூட்டைகள் சீல் வைத்தபடி அடுக்கியிருந்தன.

"இது போகலன்னா அங்க ஒருத்தியக் கெடத்தி வெச்சுக்கிட்டுக் காத்திருப்பாங்க இல்ல?"

நான் தலையாட்டினேன்.

"வாயால சொல்லு. இப்பதான் உனக்கு வாய் வந்துச்சே."

"ஆமா அண்ணி. காத்திருப்பாங்க."

ஃபோனை எடுத்து, அனுமதித்த நம்பர்கள் எங்கே இருக்கின்றன என்று தேடினார். கண்ணில் தண்ணீர் நின்றதால் எழுத்து தெரியவில்லை. நான் படித்துச் சொன்னேன். அவர் அழுத்தினார். மாப்பிள்ளையின் பெயர் பாப்பாவின் பெயருக்குக் கீழே போய் உட்கார்ந்தது. அதோடு விடவில்லை. என்னிடமிருந்து சாவியை வாங்கி மாட்டினார். அவரையே கூப்பிட்டு, "ஒரு தடவை அடிச்சுப் பாருங்க மாப்பிள்ளை. வேனை ஸ்டார்ட்ல வெச்சுப் பாக்கறேன்" என்றார். கதை ஓடத் தொடங்கி, உடனே நின்று, மணி அடித்து, தானாக எடுத்தது. "கேக்குதா அத்தை?" "கேக்குது." ஃபோன் மறுபடி என் முன்னாலிருந்த தட்டுக்கு வந்தது.

தண்ணீர் குடித்து, முகம் கழுவிய பிறகுதான் வேனை எடுத்தார். இடது ஓரமாக, மெதுவாக. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். இன்ஸ்பெக்டர் யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார், யாரையென்று எனக்குத் தெரியாது. கதை ஓடினால் தகவல் இல்லை. நின்றால் தகவல். எது வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு முறை கூட அண்ணியின் கண் தட்டுப் பக்கம் வரவில்லை. நான் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரோட்டை அவர் பார்த்துக்கொண்டார், ஃபோனை நான் பார்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு முந்தைய சிக்னலை நெருங்கும்போது குரல் அறுந்தது.

மணி அடித்தது. "மாப்பிள்ளை அழைக்கிறார்" என்றது ஸ்பீக்கர், ஒன்றுமே நடக்காதது போல. சிக்னல் சிவப்பு. அண்ணி பிரேக்கை மிதித்து, முன்வண்டிக்கு இடைவெளி விட்டு நிறுத்தினார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அது தானாக எடுப்பதற்குள் எனக்கு வயிறு நிஜமாகவே வலித்தது.

"அத்தை" என்றார் மாப்பிள்ளை. அதற்குமேல் சத்தம் இல்லை.

"சொல்லுங்க மாப்பிள்ளை. பாப்பா எப்படி இருக்கா?"

மூச்சு மட்டும் வந்தது.

"மாப்பிள்ளை, வாயத் தொறங்க. நீங்களும் எங்க மியூட்டு மாதிரி ஆயிடாதீங்க!"

"நல்லா இருக்கா அத்தை." அவர் அழுதுகொண்டிருந்தார். "கண்ணு முழிச்சுட்டா. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. கேளுங்க, அழறா பாருங்க."

வேன் முழுக்க ஒரு குழந்தை அழுதது. பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் தலையைத் திருப்பி எங்கள் ஜன்னலைப் பார்த்தார்.

அண்ணியின் முகத்தில் கண்ணீர் தாடைவரை இறங்கியது. கை மட்டும் ஸ்டியரிங்கை விடவில்லை. வண்டி நின்றுதான் இருந்தது, எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

"மியூட்டு, கண்ணத் தொடச்சு விடுடி. ரோடு தெரியல."

என் யூனிஃபார்ம் கோட்டின் கையை இழுத்து, அண்ணியின் ஒரு கண்ணையும் பிறகு மறு கண்ணையும் துடைத்தேன். "நிறுத்தினதும் பேசறேன் மாப்பிள்ளை" என்றார் அவர். மாப்பிள்ளை வைத்ததும் கதை தானாகத் தொடர்ந்தது. இன்ஸ்பெக்டர் யாருடைய கையிலோ விலங்கு மாட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு இந்த ஆளு?" என்றார் அண்ணி.

"தெரியல அண்ணி. நான் கேக்கல."

"நானும் கேக்கல. சாயந்திரம் இஸ்திரி ரூம்ல கேப்பாங்களே, என்ன சொல்றது?"

"பொண்ணுன்னு சொல்லலாம்" என்றேன்.

அண்ணி சிரித்தார். கண் மறுபடி நிறைந்தது. நான் மறுபடி துடைத்தேன். பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். முதல் கியர் விழுந்து, மூட்டைகள் மெல்ல அசைய, ஆஸ்பத்திரி கேட்டை நோக்கி வேன் நகர்ந்தது.